அமிட்ராஸ் ஊற்றிக் குளிப்பாட்டியும் 10 நாளில் மறுபடி உண்ணி. மருந்தில் கோளாறா, எங்கள் முறையில் கோளாறா?

தாமிரபரணிக்கரை கேட்டது:

வணக்கம். வீட்டில் இரண்டு நாய். பெரியது 4 வயது, 22 கிலோ, ராஜபாளையம் கலப்பு. சின்னது 5 மாதக் குட்டி, 9 கிலோ இருக்கும். கூடவே ஒரு பூனை, அது உள்ளேதான் படுக்கும். ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஓட்டு வீடு, பின்கட்டில் சிமெண்ட் பூசிய நாய்க்கூண்டு.

அமிட்ராஸ் 12.5 சதவீத மருந்தை வாங்கி இரண்டு முறை குளிப்பாட்டியாகிவிட்டது. அளவு: ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. ஊற்றித் தேய்த்து, 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிவிடுகிறோம். மூன்று நாள் சுத்தமாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் காது, விரலிடுக்கு எல்லாம் பழையபடி. ராத்திரியில் சுவரில் ஏறுகிறது. நேற்று காலண்டரைக் கழற்றினால் பின்னால் கடுகு கொட்டியதுபோல் குஞ்சுகள்.

என் கேள்விகள்: மருந்து செத்துப்போனதா? மாட்டுக்கு வாங்கிய பியூட்டாக்ஸ் அரைப் பாட்டில் இருக்கிறது, அதை ஊற்றலாமா? பக்கத்தில் ஐவர்மெக்டின் ஊசி ஒன்று போட்டால் போதும் என்கிறார்கள், சரியா? மாத்திரை கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

---

மொட்டைமாடி எழுதியது:

காலண்டருக்குப் பின்னால் பார்த்தீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் நாயை மட்டும் குளிப்பாட்டுகிறீர்கள். குடித்தனம் சுவரில் நடக்கிறது.

நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. மற்ற உண்ணிகள் பலவும் புல், புதர் என்று வெளியில் வாழும். இது ஒன்றுதான் வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக ஓட்டிவிடும். குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று மூன்று பருவமும் நாயிடமே ரத்தம் குடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறை குடித்த பிறகும் நாயைவிட்டு இறங்கி, ஒரு இடுக்கில் ஒளிந்து, தோல் உரித்துவிட்டுத் திரும்ப ஏறும். ஆக எந்த நாளில் பார்த்தாலும் நாய்மேல் இருப்பது கொஞ்சம், சுவரிடுக்கில் இருப்பது மிச்சம் அத்தனையும்.

நாள் கணக்கும் பாருங்கள். பெண் உண்ணி ஒரு வாரம் போலக் குடித்து, சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதையளவு உப்பி, கீழே விழும். (ஆமணக்குச் செடியின் அறிவியல் பெயர் ரிசினஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள். விதையைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.) விழுந்த சில நாளில் முட்டையிடத் தொடங்கி, ஒரே உண்ணி 4,000 வரை இட்டுவிட்டுச் சாகும். நம் வெயிலுக்கு மூன்று வாரம் போல ஆனால் குஞ்சு வெளியே வரும். அதற்கு ஆறு கால், அதற்கடுத்த பருவங்களுக்கு எட்டு. முட்டையிலிருந்து மறுபடி முட்டைவரை இரண்டு மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடியும். முதிர்ந்த உண்ணி எதுவும் குடிக்காமலே ஒரு வருடத்துக்கு மேல்கூடக் காத்திருக்கும். "நாயை மூன்று மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டால் பட்டினியில் செத்துவிடும்" என்கிற யோசனை பலிக்காமல் போவது இதனால்தான். நீங்கள் குளிப்பாட்டிய 10 நாளில் வந்தவை புதிதாக எங்கிருந்தோ வந்தவையல்ல, சுவரில் வரிசையில் நின்றவை.

இறங்கிய உண்ணி தரையில் தங்காது. மேல்நோக்கி ஏறுவது அதன் குணம். அதனால் தரையைப் பினாயில் போட்டுத் துடைப்பதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. தேட வேண்டிய இடங்கள்: நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிய சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து கூரைவரை, நிலைப்படிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள கோடு, ஜன்னல் கம்பி பதிந்த குழி, சுவிட்ச் பெட்டியின் விளிம்பு, மாட்டிய படங்களின் பின்புறம், கயிற்றுக் கட்டிலின் மூட்டு, கயிற்று மிதியடியின் அடிப்பக்கம். ஓட்டு வீடு என்கிறீர்கள். கை சட்டத்தில் ஓடு உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் பார்த்தால் எந்த இடுக்கிலிருந்து வெளியே வருகிறது என்று தெரியும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் வேலைக்கு அதுதான் வரைபடம்.

வேலை இந்த வரிசையில் நடக்கட்டும்:

முதலில் சாக்கு, பழைய போர்வை, கிழிந்த மெத்தை எல்லாவற்றையும் எரியுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய துணியைக் கொதிக்கவைத்த தண்ணீரில் போட்டு எடுத்துத் துவையுங்கள். அடுத்து வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் ஒல்லி மூக்கை ஒவ்வொரு இடுக்கிலும் ஓட்டி, பையை உடனே கட்டி எரித்துவிட வேண்டும். பை வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவை ஏறி வெளியே வந்துவிடும்.

பிறகுதான் மருந்து. வீட்டுப் பூச்சிக்கென்று விற்கும் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் கரைசல், லேபிளில் போட்ட அளவில். கைத்தெளிப்பானின் மூக்கைப் புகைபோல் விரியும்படி வைக்காதீர்கள். இடுக்குக்கு ஊசி போலப் பாய வேண்டும், சுவர்ப்பரப்புக்கு ஈரம் தெரிய வேண்டும், வழிந்து ஓடக்கூடாது. முழுக்கக் காயும்வரை நாய், பூனை, குழந்தை எவரும் அங்கே வரக்கூடாது. நாலைந்து மணி நேரம் ஆகும். மீன்தொட்டி இருந்தால் அறையை விட்டே எடுத்துவிடுங்கள், மீனுக்கு இது விஷம்.

முட்டையை இந்த மருந்து நம்பும்படி கொல்லாது. ஆகவே ஒருமுறை அடித்துவிட்டு முடிந்தது என்று உட்காரக்கூடாது. இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் விடாமல் அடிக்க வேண்டும். எல்லோரும் தோற்பது இங்கேதான். இரண்டாம் முறை அடித்ததும் சுவர் காலியாகத் தெரியும், மூன்றாவதை விட்டுவிடுவார்கள்.

நெல்லுக்கும் பருத்திக்கும் அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் உண்ணிக்கு முன்னால் பூனையை முடித்துவிடும்.

---

அளவுச்சிரிஞ்ச் எழுதியது:

மேலே சொன்னது வீட்டுக்கு. நாய்க்கு என்ன செய்வது என்று நான் எழுதுகிறேன். உங்கள் மருந்து சாகவில்லை என்றே நினைக்கிறேன். அதை வேலை செய்ய விடவில்லை நீங்கள்.

"ஒரு மூடி, ஒரு வாளி" ஓர் அளவே கிடையாது. மூடி 5 மில்லியும் இருக்கும், 10 மில்லியும் இருக்கும். வாளி 10 லிட்டரும் உண்டு, 18 லிட்டரும் உண்டு. 12.5 சதவீத அமிட்ராஸில் 2 மில்லியை ஒரு லிட்டரில் கலந்தால் 0.025 சதவீதக் கரைசல். 4 மில்லி என்றால் 0.05. பாட்டில் லேபிளிலோ டாக்டர் சீட்டிலோ இருப்பது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் மூடியை 5 மில்லி என்றும் வாளியை 15 லிட்டர் என்றும் வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 0.33 மில்லிதான் விழுந்திருக்கிறது. சொன்ன அளவில் ஆறில் ஒரு பங்கு. ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிப் பாட்டிலோடு ரப்பர் போட்டுக் கட்டிவையுங்கள்.

22 கிலோ குட்டைமுடி நாய்க்கு 2 லிட்டர் கரைசல் தாராளம். முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஈரம் சொட்டாத அளவு துடைத்துவிடுங்கள். சொட்டச் சொட்ட இருக்கும் உடம்பில் ஊற்றினால் கரைசல் இன்னும் நீர்த்துப்போகும். கையுறை போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்து வால்வரை ஸ்பாஞ்சால் தோலில் படும்படி ஒத்தி எடுங்கள். விரலிடுக்கு, தொடையிடுக்கு, வாலடி விடக்கூடாது. கண், வாய் பக்கம் போகக்கூடாது. காது மடலுக்கு நனைத்துப் பிழிந்த துணி போதும்.

அப்புறம் அலசக்கூடாது! துண்டால் துடைக்கவும் கூடாது. நிழலில் தானாகக் காய வேண்டும். காயும்வரை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 10 நிமிடத்தில் அலசினீர்கள் என்றால் மருந்தை வாய்க்காலுக்குத்தான் வைத்தீர்கள். கலந்த கரைசலை நாளைக்கு என்று மூடியும் வைக்காதீர்கள், தண்ணீரில் அது சிதைந்துபோகும்.

இன்னொன்று. அமிட்ராஸ் பட்டதும் உண்ணி பிடியை விட்டு விழும், ஆனால் விழுந்ததெல்லாம் செத்தது என்று அர்த்தமில்லை. அளவு குறைந்த கரைசலில் மயங்கி விழுந்தது எழுந்து நேரே சுவருக்குப் போய்விடும். குளிப்பாட்டுவது வெளியே சிமெண்ட் தரையில் இருக்கட்டும். முடிந்ததும் தரையில் கொதிநீர் ஊற்றுங்கள்.

குட்டிக்கு இதை ஊற்றாதீர்கள். சிறிய குட்டி, சர்க்கரை நோயுள்ள நாய், இதய நோயுள்ள நாய், சிவாவா மாதிரிப் பொடி இனம், இவற்றுக்கு அமிட்ராஸ் ஆகாது. ரத்தச் சர்க்கரையை ஏற்றும், இதயத் துடிப்பை இறக்கும். பெரிய நாயே ஊற்றிய அன்று கொஞ்சம் தூங்கி வழியும். கால் தள்ளாடினாலோ, உடம்பு சில்லிட்டாலோ உடனே கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஊசியாகப் போடுவார்கள். பூனைக்கும் இது வேண்டாம்.

பியூட்டாக்ஸ் என்பது டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம், ஆடுமாட்டுக்கான கணக்கில் செய்தது. அரைப் பாட்டில் மிச்சம் இருக்கிறது என்பது அதை ஊற்றக் காரணமாகாது. அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுப் பூனை. அந்த வகை மருந்துகளை உடைத்து வெளியேற்ற பூனையின் ஈரலால் முடியாது. ஈரமாக இருக்கும் நாயோடு உரசிப் படுத்தாலே நடுக்கம், வலிப்பு வரும்.

ஐவர்மெக்டின் ஊசி: உண்ணிக்கு நம்பிப் போடும் மருந்தல்ல. சொறிப்பூச்சிக்கு டாக்டர்கள் பயன்படுத்துவார்கள், அது வேறு. கோலி, ஷெல்டி என்ற வெளிநாட்டு இனங்களின் வழி வந்த நாய்களுக்கு மூளைக்குள் மருந்து நுழையாமல் தடுக்கும் மரபணுவில் குறை இருக்கும். சில ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் உண்டு. அவற்றுக்கு இந்த ஊசி உயிருக்கே ஆபத்து. கலப்பு நாயில் எந்த ரத்தம் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

மாத்திரை. என் கணிப்பில் உங்கள் வீட்டு நிலைமைக்கு இதுதான் சரி. மெல்லும் மாத்திரையாக மூன்று கிடைக்கிறது. பிரவெக்டோ 12 வாரம் நிற்கும், நெக்ஸ்கார்டு ஒரு மாதம், சிம்பாரிக்கா 35 நாள். 22 கிலோவுக்கு பிரவெக்டோவில் 20–40 கிலோ அட்டை, 1000 மில்லிகிராம். நெக்ஸ்கார்டில் 10–25 கிலோ அட்டை, 68 மில்லிகிராம். குட்டிக்கு நெக்ஸ்கார்டு 4–10 கிலோ அட்டை, 28.3 மில்லிகிராம் வரும். ஆனால் "9 கிலோ இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். 10 தாண்டினால் அட்டையே மாறும். வளர்கிற குட்டிக்கு மாத மாத்திரைதான் சௌகரியம், 12 வார மாத்திரை கொடுத்தால் பாதியிலேயே எடை ஏறிவிடும். பெரிய அட்டை வாங்கி இரண்டாக உடைத்து இரண்டு நாய்க்கும் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். பிரவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் மருந்து குறைவாகவே ரத்தத்தில் சேரும்.

மாத்திரை கொடுத்த மறுநாள் நாய்மேல் உண்ணி தெரிந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இது உண்ணியை விரட்டும் மருந்தல்ல. கடித்து ரத்தம் உறிஞ்சினால்தான் சாகும். ஒன்றிரண்டு நாள் கொடுங்கள். பிடித்துப் பார்த்தால் காய்ந்து சுருங்கி, தொட்டதும் உதிரும். வீட்டில் உண்ணி நிறைந்திருக்கும் முதல் இரண்டு மாதமும் இப்படித்தான் இருக்கும், ஏறுவது ஏறிக்கொண்டே இருக்கும், சாவது செத்துக்கொண்டே இருக்கும். சொல்லப்போனால் நாயே பொறி. சுவரில் உள்ளவை ஒவ்வொன்றாக வந்து கடித்துத் தீர வேண்டும். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் கொடுங்கள், ஒன்றை விட்டால் அது பண்ணையாகிவிடும்.

---

கோம்பைக்காரன் எழுதியது:

கையால எடுக்கிறத பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

நுனி கூரா இருக்கிற ட்வீசர் வேணும், புருவம் திருத்துற தட்டை ட்வீசர் ஆகாது. முடிய விலக்கி, உண்ணியோட வயித்தப் பிடிக்காம, தோலை ஒட்டி வாய்ப்பக்கம் பிடிங்க. நேரா மேல, மெதுவா, ஒரே இழுப்பு. திருகாதீங்க, வெடுக்குனு பிடுங்காதீங்க. வாய் உள்ள ஒடஞ்சு நின்னுட்டா தோண்டிப் புண்ணாக்க வேணாம், டிங்சர் வச்சு விடுங்க, தோலே தள்ளிடும். எடுத்த எடத்துல பட்டாணி மாதிரி ஒரு தடிப்பு ரெண்டு வாரம் இருக்கும், அது உண்ணித் தலை இல்ல.

பாக்க வேண்டிய எடம்: காது மடல் உள்பக்கம், காதோரத்துல ரெட்டையா மடிஞ்சிருக்கிற தோல் பை, கழுத்துப்பட்டைக்கு அடியில, அக்குள், விரலிடுக்கு, வாலடி, கண் இமை ஓரம். குட்டைமுடி நாய்னா உள்ளங்கைய எதிர்முடியா ஓட்டுங்க, கண்ணு தப்ப விட்டத கை பிடிச்சிடும். பெருசு பக்கத்துலயே தட்டையா சின்னதா செம்பழுப்புல ஒண்ணு ஒட்டியிருந்தா அது ஆண். அத விட்டுட்டுப் போயிடாதீங்க.

மண்ணெண்ணெய், தீக்குச்சி, நகப்பாலிஷ், கற்பூர எண்ணெய் இதெல்லாம் வேணாம். தீக்குச்சியில நாய் தோல்தான் வேகும். தரையில போட்டு மிதிக்கிறது, நகத்தால நசுக்குறது ரெண்டும் தப்பு. அதோட ரத்தத்துல இருக்கிற கிருமி நம்ம கை வெடிப்பு வழியா, கண்ணைக் கசக்குனா கண்ணு வழியா உள்ள போகும். ஒரு மூடி போட்ட பாட்டில்ல சோப்புத் தண்ணியோ ஸ்பிரிட்டோ வச்சுக்கிட்டு அதுக்குள்ள போடுங்க. வெறும் தண்ணியில போட்டா மிதந்து ஏறி வந்துரும்.

---

வேப்பங்கொட்டை எழுதியது:

எல்லோரும் ரசாயனமே சொல்கிறீர்கள். அந்த மாத்திரைகளால் வலிப்பு வரும் என்று அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது. வேப்பெண்ணெய், மஞ்சள், வசம்பு, உண்ணிச்செடி இலை என்று நம்மிடம் இல்லாததா? மாட்டுக்கு இதைத்தானே தெளிக்கச் சொல்கிறார்கள்?

---

அளவுச்சிரிஞ்ச் எழுதியது:

எச்சரிக்கை உண்மை. 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்டது. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்றது. மருந்தைத் தடை செய்யவில்லை. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லி வேறு வழி கேட்க வேண்டும். ஃபிப்ரோனில் சொட்டுமருந்து இருக்கிறது, தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் விடுவது. விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக்கூடாது. மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில்தான் பரவும், ஷாம்பு அதை எடுத்துவிடும். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனிலை அதன்மேல் படவிடாதீர்கள், செத்துப்போகும்.

மூலிகைக்கு வருவோம். மாடு தன் முதுகை முழுக்க நக்கிக்கொள்ளாது, நாயும் பூனையும் நக்கும். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கலந்து தடவினால் புதிதாக ஏறுவது ஓரளவு குறையலாம், ஒரு நாள் இரண்டு நாள். ஒட்டிக் குடித்துக்கொண்டிருப்பதைக் கொல்லாது. வீட்டில் இவ்வளவு பெருகிய பிறகு அதை நம்பி ஒரு மாதம் ஓட்டினால் இன்னொரு தலைமுறை பொரித்துவிடும். உண்ணிச்செடி இலை நாய் வயிற்றுக்குள் போனால் ஈரலுக்கு ஆகாது. சீத்தாப்பழக் கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். புகையிலைத் தண்ணீர் ஊற்றுவது நிகோட்டின் விஷம் வைப்பதற்குச் சமம். கற்பூரமும் அப்படியே. பூண்டைச் சோற்றில் பிசைந்து போடுவதும் வேண்டாம், அது நாயின் சிவப்பணுவை உடைக்கும். உண்ணியால் ரத்தம் குறைந்த நாய்க்கு அது எதற்கு?

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அலசியதுதான் தப்பு என்று புரிகிறது. அவசரமாக ஒன்று: குட்டி நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை, படுத்தே கிடக்கிறது. ஈறு வெளுத்த மாதிரி தெரிகிறது. இன்று காலை மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. மருந்துக்கடையில் டாக்சிசைக்ளின் கிடைக்கும், கொடுக்க ஆரம்பிக்கட்டுமா? காய்ச்சலுக்குக் குழந்தைகளின் பாராசிட்டமால் சிரப் இருக்கிறது.

---

ரத்தத்துளி எழுதியது:

சிரப்பை மூடி வையுங்கள். இன்றே, இப்போதே கிளம்புங்கள். நாளைக்கு என்று வைக்கும் விஷயமில்லை இது.

வெளுத்த ஈறும் கடுங்காப்பி மூத்திரமும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பபீசியா. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி, உடைந்த ரத்தத்தின் நிறம்தான் மூத்திரத்தில் இறங்குகிறது. டாக்சிசைக்ளின், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிக்கியாவுக்கான மருந்து. பபீசியாவை அது மட்டும் அடக்காது. அதைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்றிருந்தால் அந்த இரண்டு நாளில் குட்டியின் ரத்தம் பாதியாகிவிடும். ஒரே உண்ணி இரண்டையும் ஏற்றிவிடுவதும் சாதாரணம்.

கிளம்புமுன் இரண்டு நிமிடத்தில் பார்க்க வேண்டியவை. ஈறை விரலால் அழுத்தி விடுங்கள், இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு, 103 தாண்டினால் காய்ச்சல். மூக்கில் ரத்தமா, அடிவயிற்றில் செம்புள்ளிகளா என்று பாருங்கள். புள்ளி இருந்தால் தட்டணு, அதாவது ரத்தத்தை உறையவைக்கும் அணு, இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மனிதர் வலி மாத்திரை எதையாவது கொடுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும், சிறுநீரகமும் போகும். பாராசிட்டமாலும் உங்கள் கையால் வேண்டாம்.

உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வசதி இல்லையென்றால் நேரத்தை அங்கே கழிக்காதீர்கள், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போய்விடுங்கள். மருந்து ஏறுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயில் முழு ரத்த எண்ணிக்கைக்கு ஒன்று. அதோடு காது மடல் நுனியில் குத்தி வரும் முதல் துளியில் ஒரு ஸ்மியர், அதாவது கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது. பபீசியா புகுந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் தேங்கும், அதனால் காலில் எடுத்த ரத்தத்தைவிடக் காது நுனித் துளியில் அகப்பட வாய்ப்பு அதிகம். ஸ்மியரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பி.சி.ஆர். சோதனை வரை போக வேண்டியிருக்கலாம். பபீசியாவில் பெரியது, சின்னது என்று இரண்டு வகை. பெரியதற்கு ஊசி மருந்து கேட்கும். சின்னதான கிப்சோனி பிடிவாதமானது, அதற்கு அட்டோவக்குவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் என்று வேறு வைத்தியம். எந்த வகை என்று தெரியாமல் குட்டிக்கு ஊசி போடவிடாதீர்கள். அந்த ஊசிகளில் ஒன்றான டிமினாசின் அளவு கூடினால் மூளையைத் தாக்கும்.

சிவப்பணு மிகவும் இறங்கியிருந்தால் ரத்தம் ஏற்றச் சொல்வார்கள். பயப்படாதீர்கள். முதல் முறை ஏற்றும்போது நாய்களுக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை வராது. ஆனால் உங்கள் வீட்டுப் பெரிய நாயை தானம் கொடுக்க நிறுத்தாதீர்கள், அதே உண்ணிகள்தான் அதையும் கடித்திருக்கின்றன.

டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால்: பொதுவாக கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஒரு நாளைக்கு, 28 நாள். மூன்றாம் நாளே வாலாட்டிச் சாப்பிட ஆரம்பிக்கும், அன்றைக்கு மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தினால் கிருமி எலும்பு மஜ்ஜையில் பதுங்கி, மாதங்கள் கழித்து எழும். அந்தக் கட்டத்தில் மருந்து கேட்பது கடினம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. பாலிலோ தயிர்ச்சோற்றிலோ வைத்துக் கொடுக்காதீர்கள், சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கட்டிப்போடும். இட்லியிலோ கோழிச் சதையிலோ பொதிந்து கொடுத்துவிட்டு, சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் பீய்ச்சுங்கள். மாத்திரை தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

போய்விட்டு வந்தாயிற்று. ஸ்மியரில் பபீசியா, சின்ன வகை என்றார்கள். தட்டணு 62,000. மருந்து தொடங்கியாகிவிட்டது, ரத்தம் ஏற்ற இப்போதைக்குத் தேவையில்லையாம். பெரிய நாய்க்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்குப் பயம்: பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று வருகிறதே, அது நாயிடமிருந்து நமக்கு வருவதா?

---

ரத்தத்துளி எழுதியது:

நாய்க்கு 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணு அது. சமயத்தில் போனீர்கள். அடுத்த எண்ணிக்கை எப்போது என்று டாக்டர் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவது ஸ்க்ரப் டைஃபஸ். பெயர்தான் குழப்புகிறது. அதைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை, புதர்களில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். பபீசியா கிப்சோனியும் நாயிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவதல்ல. ஆனால் நாய் உண்ணி மனிதரைக் கடித்தால் வேறொரு காய்ச்சல் வரலாம், இந்திய உண்ணி டைஃபஸ் என்பார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை செந்தடிப்பு வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "வீட்டில் நாய், உண்ணி நிறைய" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அவருக்கு அது தோன்றாது.

---

மொட்டைமாடி எழுதியது:

குட்டி தேறட்டும். கூண்டைப் பற்றி விட்டுப்போனது. சிமெண்ட் கூண்டில் விரிசல் இருந்தால் மருந்து அடித்துக் காய்ந்த பிறகு சிமெண்ட் பாலோ புட்டியோ வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். முதலில் அடைத்துவிட்டு அப்புறம் மருந்து அடித்தால் பயனில்லை. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் கரண்டியால் வளைத்துப் பூசினால் ஒளிய இடம் இருக்காது. சிலர் கேஸ் டார்ச்சால் சுவரைச் சுடுவார்கள். சிமெண்ட் கூண்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் மருந்து அடித்த அன்று நெருப்பு காட்டாதீர்கள், அதிலுள்ள கரைப்பான் பற்றிக்கொள்ளும். சுவர் மருந்தின் அடுத்த நான்கு தேதிகளையும் மாத்திரைத் தேதியையும் அந்தக் காலண்டரிலேயே எழுதி, அதே ஆணியில் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.